ஒலிக்கலவைத் தொழில்: உழைப்பும் ஊதியமும்

(சுயதொழில் தொடங்க விழையும் இளைஞர்களும் வங்கி அலுவலர்களும் கலந்துகொண்ட பயிலரங்கு ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)

விவித பாரதியில் திரைப்பாடல் ஒன்று ஒலிபரப்பாகும்போது படத்தின் பெயர், பாடியவர் பெயர், பாடலாசிரியர் பெயர், இசையமைப்பாளர் பெயர் ஆகியவற்றை அறிவிப்பாளர் கூறுவது வழக்கம். 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் தொடங்கிய அவ்வொலிபரப்பைக் கேட்டு வளர்ந்த மக்களுக்கு இந்நான்கு பெயர்களும் மனப்பாடம். அப்பாடலைப் பதிவு செய்தவர் யார், ஒரு குரலையும் பற்பல கருவிகளின் ஓசையையும் ஒன்றையொன்று விழுங்கிவிடாமல் நிறுத்தியவர் யார் என்பது அவ்வறிவிப்பில் இடம் பெறுவதில்லை. வானொலிக்கு நேரம் குறைவு; அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால், பெயர் சொல்லப்படாத உழைப்புக்குக் கூலி பேசும் வலிமையும் குறைவாகவே இருக்கும் என்பது பொருளாதாரத்தில் பல துறைகளில் காணப்படும் உண்மை. ஒருகாலத்தில் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களின் சம்பளப் பணியாக இருந்த இவ்வேலை, இன்று நாடெங்கும் வாடகை அறைகளில் நடைபெறும் சுயதொழிலாக மாறிவிட்டது. ஆகவே, இதன் வரவு செலவையும் சட்ட நிலையையும் ஆராய்வது பொருத்தமாகும்.

இத்தொழிலில் இரு பணிகள் உள்ளன. இசையமைப்பாளரோ பாடகரோ கொண்டுவரும் மெட்டுக்குத் தாளம், பின்னணிக் கருவிகள், இடையிசை ஆகியவற்றை அமைத்து, தேவையான கலைஞர்களை வரவழைத்துப் பதிவு செய்து, பாடலை ஒரு முழு உருவத்துக்குக் கொண்டுவருபவரை இத்துறையினர் மியூசிக் புரொட்யூசர், அதாவது இசைத் தயாரிப்பாளர் என்று அழைக்கின்றனர். அவ்வாறு தனித்தனியாகப் பதிவான ஓசைகளை அளவறிந்து கலந்து, கேட்பதற்கு ஏற்ற ஒரே ஒலியாக ஆக்குபவர் மிக்ஸிங் எஞ்சினீயர், அதாவது ஒலிக்கலவைப் பொறியாளர். பெரிய படங்களில் இவ்விருவரும் வேறு வேறானவர்கள். சிறிய முதலீட்டில் உருவாகும் பக்திப் பாடல், நாட்டுப்புறப் பாடல், விளம்பரப் பாடல் ஆகியவற்றில் இரண்டையும் பெரும்பாலும் ஒருவரே செய்கிறார். அவர் எந்த நிறுவனத்திலும் ஊழியர் அல்லர். வேலைக்கு வேலை பேசிக் கூலி பெறுபவர்.

கூடத்திலிருந்து அறைக்கு

1902-ஆம் ஆண்டு கல்கத்தாவில் கிராமபோன் கம்பெனியின் பொறியாளர் ஃபிரெட் கெய்ஸ்பெர்க், கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரலைப் பதிவு செய்தார். அக்காலத்தில் மின்சார மைக் கிடையாது. ஒரு கூம்புக்கு முன்னால் நின்று பாட வேண்டும்; அதன் அதிர்வு நேரே மெழுகுத் தட்டில் பதியும். எந்தக் கலைஞரைக் கூம்புக்கு அருகில் நிறுத்துவது, எந்தக் கருவியை எத்தனை அடி தள்ளி வைப்பது என்பதே அன்றைய கலவை. கருவிகள் மாறினாலும் அப்பணியின் சாரம் இன்றும் அதுதான்: யார் முன்னால், யார் பின்னால் என்று தீர்மானிப்பது.

பேசும் படம் 1931-இல் வந்தது. அதன் பின்னர் ஒலிப்பதிவு என்பது பெரும் மூலதனத் தொழிலாக உருவெடுத்தது. பம்பாயில் 1942-இல் வி. சாந்தாராம் நிறுவிய ராஜ்கமல் கலாமந்திர், 1954-இல் பாந்திராவில் எழுந்த மெகபூப் ஸ்டூடியோ ஆகியவற்றின் கூடங்கள் இதற்குச் சான்று. முழு வாத்தியக் குழுவும் பாடகரும் ஒரே நேரத்தில் வாசித்துப் பாட, பொறியாளர் அந்தக் கணத்திலேயே ஒவ்வொரு மைக்கின் அளவையும் ஏற்றி இறக்கிக் கலவையை முடித்துவிட வேண்டும். பின்னர் திருத்த இயலாது. ஒருவர் தவறினால் அனைவரும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவர். ராஜ்கமலில் பணியாற்றிய மங்கேஷ் தேசாயைப் போன்றோர் இந்நெருக்கடியில் பெயர் பெற்றவர்கள். கருவிகளும் கூடமும் முதலாளிக்குச் சொந்தம். பொறியாளர் அவற்றை இயக்குபவர். தொழிற்சாலையில் பொறி இயக்கும் தொழிலாளிக்கும் அவருக்கும் பொருளாதார நோக்கில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் ஒன்று: மாதச் சம்பளம் தவறாமல் வந்தது.

இரண்டாம் மாற்றம் கேசட்டால் விளைந்தது. 1970-களின் இறுதி வரை இந்தியாவில் இசைத்தட்டு வாணிபம் பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் பிடியில் இருந்தது. இசைத்தட்டு அச்சடிக்கப் பெரிய ஆலை வேண்டும். கேசட்டில் பிரதி எடுக்க ஓர் அறையும் சில பொறிகளும் போதும். 1983-இல் டில்லியில் குல்ஷன் குமார் தொடங்கிய டி-சீரிஸ் நிறுவனமும் அதையொட்டி நாடெங்கும் தோன்றிய சிறு நிறுவனங்களும், அதுவரை இசைத்தட்டில் அரிதாகவே இடம் பெற்றிருந்த போஜ்புரி, ஹரியாண்வி, கட்வாலி போன்ற மொழிகளின் பாடல்களைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தன. இப்பாடல்களைப் பதிவு செய்யப் பம்பாய்க்குப் போவது கட்டுப்படியாகாது. எனவே மாவட்டத் தலைநகர்களிலும் சிறு ஒலிப்பதிவுக் கூடங்கள் எழுந்தன. இன்று இத்தொழிலில் மூத்தவர்களாக இருப்போரில் பலர் அக்கூடங்களில் கேபிள் சுருட்டித் தொழில் பழகியவர்களே.

மூன்றாம் மாற்றம் கணிப்பொறி. ஒலியை எண்களாக மாற்றிக் கணிப்பொறியிலேயே வெட்டவும் ஒட்டவும் கலக்கவும் வகை செய்த புரோ டூல்ஸ் முதலிய மென்பொருள்கள் 1990-களில் பரவின. சென்னையில் ஏ. ஆர். ரஹ்மான் தம் வீட்டை ஒட்டி அமைத்த பதிவுக்கூடம், 1992-இல் வெளிவந்த ‘ரோஜா’வுக்குப் பின் இந்தியா முழுவதும் அறியப்பட்டது. அங்கு அவருடன் பணியாற்றிய எச். ஸ்ரீதர், ‘மகாநதி’, ‘தில் சே’, ‘லகான்’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ ஆகிய படங்களுக்காக நான்கு முறை ஒலிப்பதிவுக்கான தேசிய விருது பெற்றவர்; 2008-இல் மறைந்தார். பொறியாளரின் பெயரைச் சாதாரண ரசிகரும் உச்சரிக்கத் தொடங்கியது ஏறத்தாழ இக்காலத்தில்தான். ஆயினும் தேசிய விருது படத்தின் ஒலிக்கே உரியது. தனிப் பாடலின் கலவைக்கென ஒரு பிரிவு அதில் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

இவ்வாறு, பெருங்கூடத்தின் மூலதனம் சில லட்சங்களுக்குள் அடங்கும் அறையாகச் சுருங்கியது. கருவி மலிந்ததால் தொழிலில் நுழைவோர் தொகை பெருகிற்று. நுழைவோர் பெருகியதால் ஒரு பாடலுக்கான கூலி இறங்கிற்று. கருவியின் சொந்தக்காரராக உயர்ந்த அதே மனிதர், பேரம் பேசும் நிலையில் தாழ்ந்தார். இன்றைய நிலையின் அடிப்படை முரண்பாடு இதுவே.

வேலையின் தன்மை

ஒரு பாடல் கலவைக்கு வரும்போது 60 அல்லது 80 தனித்தனி டிராக்குகளாக வருவது இயல்பு. டோலக்குக்கு இரண்டு, தபலாவின் இரு முகங்களுக்கும் தனித்தனி, வயலின் குழுவுக்குப் பல, முதன்மைக் குரல், அதன் நிழலாக வரும் துணைக்குரல்கள் என்று அது விரியும். முதலில் துப்புரவுப் பணி: மூச்சொலி, மின்விசிறியின் இரைச்சல், தாளத்திலிருந்து இம்மியளவு விலகிய தட்டு ஆகியவற்றைச் சரிசெய்ய வேண்டும். பின்னர் ஒவ்வோர் ஓசைக்கும் இடம் ஒதுக்க வேண்டும். டோலக்கின் கனத்த தட்டும் பாஸ் கிதாரும் ஏறத்தாழ ஒரே அதிர்வெண் பகுதியில் மோதும். ஒன்றைச் சற்றே குறைத்தால்தான் மற்றது தெளியும். பாடகர் ஒரு சொல்லை மெல்லப் பாடி அடுத்த சொல்லை உரக்கப் பாடினால் இரண்டையும் நெருக்கி நிறுத்துவதற்குக் கம்ப்ரெஸர் என்னும் கருவி உண்டு. அதை அளவுக்கு மீறிப் பயன்படுத்தினால் குரலில் உயிர் இராது. இந்தியப் பாடல்களில் சொல் கேட்க வேண்டும் என்பது கேட்போரின் முதல் எதிர்பார்ப்பு. மேனாட்டுப் பாடல்களின் அளவுகளை அப்படியே பின்பற்றிக் குரலைக் கருவிகளுக்குள் அமிழ்த்திவிடும் இளைஞர்கள், வாடிக்கையாளரிடமிருந்து முதல் திருத்தமாகப் பெறும் செய்தி ‘குரலை ஏற்றுங்கள்’ என்பதே.

கருவி வாங்குவதில் காட்டும் ஆர்வத்தை அறையில் காட்டுவோர் குறைவு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 3.4 மீட்டர் தொலைவுள்ள ஓர் அறையில் ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் நிலையலை ஒன்று உண்டாகும். அவ்வறையின் நடுவே அமர்ந்து கேட்பவருக்கு அந்த ஆழ்ந்த ஓசை கிட்டத்தட்ட மறைந்துபோகும். சுவரை ஒட்டி நிற்பவருக்கு அதுவே முழங்கும். நடுவில் அமர்ந்த பொறியாளர், ஓசை போதவில்லை என்று எண்ணி அதை ஏற்றிவிடுகிறார். பாடல் வெளியாகி, லூதியானாவில் ஒருவர் தம் காரில் அதைப் போட்டதும் கதவுகள் அதிர்கின்றன. குற்றம் காதில் இல்லை, அறையில் இருக்கிறது. மூலைகளில் கனமான கண்ணாடி இழைப் பஞ்சை அடைத்து, அமரும் இடத்தைச் சற்றே மாற்றினால் இக்குறை பெருமளவு குறையும். விலை உயர்ந்த ஒலிபெருக்கியைக் காட்டிலும் இதற்கு ஆகும் செலவு குறைவு. ஆனால் பஞ்சை வாடிக்கையாளருக்குக் காட்டிப் பெருமைப்பட முடியாது அல்லவா? அதனால்தான் அது கடைசி இடத்துக்குத் தள்ளப்படுகிறது போலும்.

பாடலை மற்றப் பாடல்களைவிட உரக்க அமைத்தால் முந்தலாம் என்று ஒரு போட்டி நெடுங்காலம் நடந்தது. இணைய வழி இசைச் சேவைகள் இதற்குப் பெருமளவு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. சான்றாக, ஸ்பாட்டிஃபை எல்லாப் பாடல்களையும் இயல்பாக மைனஸ் 14 லஃப்ஸ் என்னும் ஒலியளவுக்குக் கொண்டுவருகிறது. அதைவிட உரத்த பாடல் தானாகக் குறைக்கப்படும். மேலும், இன்று பொறியாளர் ஒப்படைக்க வேண்டியது ஒரு கலவை மட்டுமன்று. குரலில்லாத கலவை, மேடைக்கான கலவை, குறும்படக் காட்சிக்கு 30 நொடித் துண்டு, தனித்தனிக் குழுக்களாகப் பிரித்த டிராக்குகள் எனப் பட்டியல் நீளும். ‘ஒரு பாடல்’ என்று பேசிய கூலிக்குள் இவை அனைத்தும் அடங்குமா என்பது பெரும்பாலும் முன்கூட்டிப் பேசப்படுவதில்லை.

பயிற்சியைப் பொறுத்தவரை, 1960-இல் புனேயில் தொடங்கிய திரைப்படப் பயிற்சி நிறுவனமும், 1995-இல் கல்கத்தாவில் அமைந்த சத்யஜித் ராய் திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனமும் ஒலிப்பதிவில் முறையான கல்வி அளிக்கின்றன. அவற்றில் இடங்கள் மிகக் குறைவு. தனியார் பள்ளிகளின் கட்டணம் லட்சங்களில் உள்ளது. ஆகவே, பெரும்பாலோர் ஒரு மூத்தவரிடம் உதவியாளராகச் சேர்ந்தே கற்கின்றனர். முதலாண்டில் ஊதியம் இராது, அல்லது போக்குவரத்துச் செலவுக்கே சரியாகும். குருகுல முறை என்று இதைப் புகழ்வாரும் உண்டு. வீட்டில் இரண்டு ஆண்டுக்குச் சோறு போட ஆள் உள்ளவர் மட்டுமே நுழையக்கூடிய குருகுலம் அது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையாகும். இரவு நேர வேலையும் பூட்டிய அறையும் கொண்ட இம்முறையில் பெண்கள் அரிதாகவே காணப்படுவதற்கும் இவ்வமைப்பே காரணங்களுள் ஒன்று.

வரவும் செலவும்

மும்பைப் புறநகரிலோ, லூதியானாவிலோ, குவஹாத்தியிலோ ஓர் இளைஞர் இத்தொழிலைத் தொடங்குவதாகக் கொள்ளலாம். கீழ்வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்டவை. இடத்துக்கு இடம் மாறும். கணிப்பொறி ரூ. 1,50,000, ஒலிபெருக்கிகள் ரூ. 60,000, ஒலியை எண்ணாக மாற்றும் இடைக்கருவி ரூ. 25,000, ஹெட்ஃபோன் ரூ. 15,000, மென்பொருள் உரிமங்கள் ரூ. 60,000, அறையைச் செம்மைப்படுத்த ரூ. 40,000 – ஆக மூலதனம் ரூ. 3,50,000. இவை ஐந்தாண்டு உழைக்கும் என்றால் ஆண்டுத் தேய்மானம் ரூ. 70,000. அறை வாடகை மாதம் ரூ. 8,000 வீதம் ஆண்டுக்கு ரூ. 96,000. மின்சாரம், இணையம், சந்தாக்கள் மாதம் ரூ. 4,000 வீதம் ரூ. 48,000. ஆண்டின் மொத்தச் செலவு ரூ. 2,14,000. மாதம் நான்கு பாடல்கள், பாடலுக்கு ரூ. 10,000 கூலி என்றால் ஆண்டு வரவு ரூ. 4,80,000. எஞ்சுவது ரூ. 2,66,000, அதாவது மாதம் ஏறத்தாழ ரூ. 22,000.

இனி, நான்கு பாடல்களில் ஒன்றுக்குக் கூலி வராமற் போகிறது எனக் கொள்ளலாம். வரவு ரூ. 3,60,000 ஆகக் குறையும். செலவு அதே ரூ. 2,14,000தான், வாடிக்கையாளர் பணம் தரவில்லை என்பதற்காக வீட்டுக்காரர் வாடகையைக் குறைக்கமாட்டார். எஞ்சுவது ரூ. 1,46,000; மாதம் சுமார் ரூ. 12,000. வரவில் கால் பங்கு போனால் வருவாயில் ஏறத்தாழ 45 சதவீதம் போய்விடுகிறது. நிலையான செலவு மிகுந்த எந்தத் தொழிலிலும் இவ்விளைவு உண்டு என்றாலும், இளைஞர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. சிறந்த மைக் வாங்கினால் வருவாய் உயரும் என்று நம்பும் ஒருவருக்கு, வர வேண்டிய கூலியை வசூலித்தாலே அதைவிட மிகுதியாக உயரும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

திருத்தங்களின் கணக்கும் இத்தகையதே. ஒரு பாடலுக்குக் கலவை மூன்று நாள், திருத்தம் இரண்டு நாள் என்றால் நான்கு பாடல்களுக்கு 20 நாள். திருத்தம் நான்கு நாளாக நீண்டால் 28 நாள், மாதம் முடிந்துவிட்டது. அவர் புது வேலை தேடவோ, ஓய்வு கொள்ளவோ, கணக்கு எழுதவோ நாளில்லை. ‘இன்னும் கொஞ்சம் மாற்றினால் நன்றாயிருக்கும்’ என்று கேட்பவருக்கு அது ஒரு தொலைபேசிச் செய்தி. செய்பவருக்கு ஒரு நாள் கூலி. இத்துறையில் நிலைத்து நிற்பவர்களிடம் இரு பழக்கங்களைக் காணலாம். பாதிக் கூலியை முன்பணமாகப் பெற்ற பின்னரே வேலை தொடங்குகின்றனர். இத்தனை முறை திருத்தம் இலவசம், அதற்குமேல் தனிக் கட்டணம் என்று முதலிலேயே எழுதிவிடுகின்றனர். முழுத் தொகையும் வரும்வரை முழுத் தரமுள்ள பிரதியைக் கொடாமல், மாதிரிப் பிரதியை மட்டும் அனுப்புவோரும் உண்டு. நட்பில் தொடங்கும் வேலையில் இவற்றைப் பேசக் கூச்சம் தடையாகிறது என்பது உண்மைதான். ஆனால் நண்பர்களிடம்தான் பாக்கி அதிகம் நிற்கிறது என்பதும் இத்துறையினர் பொதுவாகக் கூறுவது.

சட்டத்தின் பார்வையில்

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, இசைப் படைப்பின் ஆசிரியர் அதை இயற்றியவர். ஒலிப்பதிவின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளர். தயாரிப்பாளர் என்பவர், அப்பதிவை உருவாக்கும் முயற்சியையும் பொறுப்பையும் மேற்கொள்பவர் என்று சட்டம் விளக்குகிறது. இங்கேதான் ஒரு சொல் மயக்கம். இத்துறையில் இசைத் தயாரிப்பாளர் என்று அழைக்கப்படுபவர், பிறருடைய பணத்திலும் பொறுப்பிலும் வேலை செய்யும்போது சட்டத்தின் தயாரிப்பாளர் ஆகமாட்டார். பெயர் அவருடையது, உரிமை மற்றவருடையது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பங்குத் தொகை பெறும் உரிமையைக் காத்துக் கொடுத்தது. பாடகர் முதலிய நிகழ்த்துக் கலைஞர்களின் உரிமையையும் வலுப்படுத்தியது. பாடலாசிரியர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் 1969-இல் தோன்றிய இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் இருக்கிறது. கலவைப் பொறியாளருக்கு இவ்வரிசையில் இடமில்லை. ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டு நீடிக்கிறது. பொறியாளரின் கூலி ஒரு முறையோடு முடிகிறது.

இது அநீதி என்று உடனே முடிவு கட்ட வேண்டியதில்லை. வீடு கட்டிய கொத்தனாருக்கு வீட்டு வாடகையில் பங்கு கிடைப்பதில்லை. வீடு குடியிருப்பார் இல்லாமல் கிடந்தால் வரும் நட்டத்திலும் அவருக்குப் பங்கில்லை. பதிவாகும் பாடல்களில் பெரும்பாலானவை போட்ட முதலைக்கூட ஈட்டுவதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வெறும் கலவை மட்டும் செய்பவர் கொத்தனாரின் நிலைக்கு நெருங்கியவர். அவர் கேட்க வேண்டியது நியாயமான கூலியும் பெயர்க் குறிப்பும். ஆனால், மெட்டின் முகப்பிசையையும் இடையிசையையும் தாமே இயற்றிக் கொடுப்பவரின் நிலை வேறு. பாடலை மக்கள் அடையாளம் காண்பதே சில வேளைகளில் அந்த முகப்பிசையால்தான். அவர் இயற்றியவர்களுள் ஒருவர் என்று வாதிட இடமுண்டு. அந்த வாதத்துக்கு ஆதாரமாக ஒரு தாள் வேண்டும். உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருத்தல் வேண்டும் என்றும், காலம் குறிப்பிடாவிடில் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிடில் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கூறுகிறது. ‘எல்லா உரிமையும் எக்காலத்துக்கும், உலகெங்கும்’ என்று அச்சிட்ட தாளில் படித்துப் பாராமல் கையொப்பமிடுபவர், சட்டம் அளித்த இவ்விரு பாதுகாப்புகளையும் தாமே துறந்துவிடுகிறார்.

அரசின் பட்டியல்களிலும் இவர் எளிதில் அகப்படுவதில்லை. 2008-ஆம் ஆண்டுத் தேசியத் தொழில் வகைப்பாட்டில் 592 என்னும் பிரிவு ஒலிப்பதிவு, இசை வெளியீட்டுப் பணிகளுக்கு உரியது. வீட்டு அறையில் வேலை செய்பவர் தம்மை அதில் பதிவதா, கலைப் பணிகளில் பதிவதா என்று அறியாமல் ஏதேனும் ஒன்றில் பதிகிறார். 1962-ஆம் ஆண்டு வருமான வரி விதிகள், திரைப்படக் கலைஞர் என்பதற்கு விளக்கம் தரும்போது நடிகர், ஒளிப்பதிவாளர் தொடங்கி ஆடை வடிவமைப்பாளர் வரை அடுக்கின. அந்தப் பட்டியலில் ஒலிப்பதிவாளரைக் காணோம்! 2020-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், பழைய திரைத் தொழிலாளர் சட்டத்தின் எல்லையை விரித்துத் தொலைக்காட்சித் தொடர், இணையத் தொடர் ஆகியவற்றின் தொழிலாளரையும் தழுவியது. அது வரவேற்கத்தக்கது. ஆயினும், காட்சியே இல்லாத தனிப் பாடலுக்கு, ஊழியராக அமையாமல் வேலை செய்பவருக்கு அதன் நிழல் எட்டுவது கடினம்.

ஆனால் வேறொரு சட்டத்தின் நிழல் எட்டுகிறது. அதைப் பயன்படுத்துவோர் குறைவு. 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன மேம்பாட்டுச் சட்டம் பொருள் உற்பத்திக்கு மட்டும் உரியதன்று, சேவைக்கும் உரியது. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவை ஆதார் எண்ணைக் கொண்டு கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம். ஒரே ஆள், ஒரே அறை என்றாலும் அது குறுந்தொழில் நிறுவனமே. இவ்வாறு பதிந்தவருக்கு, ஒப்பந்தம் எதுவாயினும் 45 நாளுக்குள் பணம் தரப்பட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். முறையீட்டுக்கு மாநிலங்களில் மன்றங்கள் உள்ளன. 2017 முதல் இணைய வழியிலும் முறையிடலாம். 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் மேலும் ஒரு படி சென்று, உரிய காலத்தில் தராத தொகையைச் செலவாகக் காட்டி வரி குறைத்துக்கொள்வதைத் தடுத்தது. முறையான கணக்கு வைத்திருக்கும் இசை நிறுவனத்திடமும் விளம்பர நிறுவனத்திடமும் இது நன்கு செல்லுபடியாகும். கைப்பணத்தில் பாடல் எடுக்கும் தனியாரிடம் இதன் வலிமை குறைவே. அங்கே முன்பணம்தான் காப்பு. பதிவை வேலைக்கு முன்னரே செய்திருத்தல் நலம். தகராறு வந்த பின் பதிந்து பயனில்லாமற் போனவர்கள் உண்டு.

அயல்நாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்வோர் தொகை கூடிவருகிறது. கோப்பு இணையத்தில் சென்று இணையத்தில் திரும்புகிறது. ஆண்டு வரவு ரூ. 20 லட்சத்துக்கு உட்பட்டவர் சரக்கு, சேவை வரிப் பதிவு பெற வேண்டியதில்லை. சில சிறிய மாநிலங்களில் இவ்வரம்பு ரூ. 10 லட்சம். பதிவு பெற்றவருக்கும் ஏற்றுமதிச் சேவைக்கு வரி விகிதம் பூஜ்யமே. அந்நியச் செலாவணியாகப் பணம் வந்ததற்கான வங்கிச் சான்றைப் பத்திரப்படுத்த வேண்டும் என்பதே நிபந்தனை.

காதும் ஒரு மூலதனமே. உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான கேட்டல் அளவுப்படி 80 டெசிபெல் ஒலியை வாரம் 40 மணி கேட்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏற்றத்துக்கும் இக்காலம் பாதியாகும். 86 டெசிபெல்லில் வாரம் 10 மணிதான். கலவைப் பொறியாளர் ஒரே நாளில் 10 மணி அமர்வதுண்டு. கணிப்பொறி பழுதானால் மாற்றலாம். தேய்மானக் கணக்கில் அதற்கு ஒதுக்கீடு உண்டு. இதற்கு அத்தகைய ஒதுக்கீடு எதுவும் இல்லை. சந்தையில் பாடலின் இறுதி மெருகைத் தானே செய்யும் இணையச் சேவைகள் 2014 முதல் வந்துவிட்டன. கலந்த பாடலிலிருந்து குரலைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்களும் இன்று சாதாரணம். மலிவான வேலையை இவை முதலில் எடுத்துக்கொள்ளும். பாடகரை அமர்த்தி, அவர் மனம் தளராமல் இருபதாம் முறையும் பாடவைத்து, நல்ல வரியைத் தெரிந்தெடுக்கும் பணி இன்னும் மனிதரிடமே உள்ளது. அதற்குத் தனிக் கட்டணம் பேசுவோர் மட்டும் ஏனோ சிலரே.

கடைசியாக, இங்கு வந்துள்ள வங்கி அலுவலர்களுக்கு. 2015 ஏப்ரல் 8-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் ரூ. 20 லட்சம் வரை ஈடில்லாமல் கடன் தர வழியுண்டு, ரூ. 50,000-க்கு மேல் ரூ. 5 லட்சம் வரையிலான ‘கிஷோர்’ பிரிவில் மேற்கூறிய ரூ. 3,50,000 அடங்கும். வட்டி 11 சதவீதம், காலம் ஐந்தாண்டு என்றால் மாதத் தவணை சுமார் ரூ. 7,600, ஒரு பாடலின் கூலியில் முக்கால் பங்கு. மென்பொருள் உரிமத்தை அடமானம் வைக்க இயலாது, பழைய ஒலிபெருக்கிக்கு விலை கிடைக்காது என்று மனுவைத் தள்ளிவைக்கும் வழக்கம் பல கிளைகளில் உள்ளது. மனுதாரரிடம் கருவிகளின் விலைப்பட்டியலோடு நிறுத்திக்கொள்ளாமல், கடந்த 12 மாதத்தில் அவர் எழுதிக் கொடுத்த பில்கள், அவற்றில் எத்தனை எத்தனை நாளில் தீர்ந்தன என்ற விவரம், உத்யம் பதிவு எண், வாடிக்கையாளர் கையொப்பமிட்ட ஒப்பந்தத் தாள் இரண்டேனும் ஆகியவற்றைக் கேட்கலாம். இவை நான்கும் கைவசம் உள்ள மனுதாரர் இன்று குறைவு. கேட்பார் உண்டு என்று தெரிந்தால் அடுத்த ஆண்டு அவற்றோடு வருவார்.